ஆற்றடித் தெருவுக்கு ஒரு வரைபடம்

சம்மாந்துறை,
12.03.1979

காக்கா ஜவுபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரித்து எழுத மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை கல்முனை மலேரியா ஒபிஸிலிருந்து இரண்டு பேர் வந்து, உங்கள் மச்சானை முற்றத்துக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். எங்கள் செங்கல் வாடியில் மண் வெட்டிய ஒன்பது கிடங்குகளையும் ஒரு மாதத்துக்குள் மூட வேண்டுமாம். புதிதாக ஒன்றும் வெட்டக்கூடாதாம். அந்தக் கிடங்குகளில் நிற்கிற தண்ணீரில்தான் மலேரியா நுளம்பு பெருகி ஊருக்குக் காய்ச்சல் வருகிறதாம். கடிதத்தோடு ஒரு வரைபடம் இருந்தது. ஊர் முழுக்க வெள்ளையாக இருக்க, வாடி மட்டும் சிவப்பு வட்டம். பக்கத்தில் ‘மக்கீன் செங்கல் வாடி’ என்று எழுதியிருந்தது. அது யாருடைய கையெழுத்து என்று மற்றவர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சூறாவளி உங்கள் குவாட்டர்ஸ் கூரையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு டிசம்பரும் ஜனவரியும் எங்கள் வீட்டில்தானே இருந்தீர்கள்? காலையில் என் கையால் பிட்டும் தயிரும் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளில் போய் இந்தப் படத்தையா கீறினீர்கள்? இவரோடு ஒரே சகன் தட்டில் சோறு தின்னும்போதும் ஒரு சொல் சொல்லவில்லையே. மொனராகலைக்கு மாற்றம் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

இவர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “உன்ட காக்கா என்னோட கதைக்க ரெண்டு மாசம் இரிந்திச்சே, ஏன் கதைக்கல்ல?”

சந்தைக்குப் போனால், மக்கீனின் கிடங்கால்தான் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று காதில் விழுகிறது. கல்லறுக்க வந்த ஆட்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள்.

ஸைனம்பு


மொனராகலை,
25.03.1979

தங்கச்சி ஸைனம்புக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தத் தண்ணீரில் மலேரியா நுளம்பின் புழு, அதாவது குடம்பி, இருக்கிறது, அதிலிருந்து வீடுகள் எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். மருந்தடிக்கிற ஆட்கள் அந்தப் படத்தை வைத்துத்தான் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று முடிவு செய்வார்கள். மருந்தும் ஆட்களும் எல்லா வீட்டுக்கும் போதாது.

நாற்பத்தாறு இடத்தில் தண்ணீர் அள்ளிப் பார்த்தேன். சாதாரண நுளம்பின் குடம்பி தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும். மலேரியா இனத்தின் குடம்பி தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்திருக்கும். மச்சானின் கிடங்குகளில் அப்படிப் படுத்திருந்தவை ஒரு அகப்பைக்குப் பத்து, பதினைந்து. வேறு எங்கும் அந்தளவு இல்லை. நான் என்ன செய்ய? வேறு யாருடைய கிடங்காக இருந்தால் சிவப்பு, மச்சானுடையதாக இருந்தால் வெள்ளை என்றா குறிப்பது?

சொல்லாமல் போனது பிழைதான். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லுவோம் என்று வீட்டுக்கு வருவேன். சூறாவளியில் விழுந்த வீடுகளுக்கெல்லாம் கல் கேட்டு ஆட்கள் வாடியில் வந்து நிற்பார்கள். மச்சான் சந்தோஷமாக இருப்பார். சொல்ல வாய் வராது.

கிடங்கை மூடுங்கள். அடுத்த வருடம் காய்ச்சல் குறைந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அப்போது என்னைப் புரியும்.

ஜவுபர்


சம்மாந்துறை,
06.05.1979

காக்காவுக்கு,

ஒன்பது கிடங்கும் மூடியாயிற்று. சூறாவளிக்குப் பிறகு ஊர் வீடு கட்டுகிற நேரத்தில் வாடி சும்மா கிடக்கிறது. இவர் அக்கரைப்பற்றில் ஒரு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறார். விடிய முதல் பஸ்ஸுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருகிறார்.

மருந்தடிக்க ஆட்கள் வந்தார்கள். படத்தில் இருந்தபடி வாடியைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு அடித்தார்கள். எங்கள் ஆற்றடித் தெருவுக்கு வரும்போது மருந்து முடிந்துவிட்டது. வாடியிலிருந்து ஒரு மைல் தள்ளியிருப்பதால் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது என்று தெரிவிக்கத்தான் எழுதினேன். பதில் போட வேண்டாம்.

ஸைனம்பு


சம்மாந்துறை,
30.08.1979

காக்கா,

பெருநாள் முடிந்து ஆறு நாள். எங்கள் வீட்டில் பெருநாள் இல்லை.

மகள் ஹப்ஸாவுக்குக் காய்ச்சல். நோன்பு இருபத்தைந்தில் தொடங்கியது. முதலில் குளிர். மூன்று போர்வை போட்டும் கட்டிலோடு சேர்ந்து நடுங்கினாள். மறுகா உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பிறகு வேர்த்துக் கொட்டி, ஒன்றும் நடக்காதது போல எழுந்து தண்ணீர் கேட்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே. ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி இரத்தம் பார்த்து மலேரியா என்றார்கள். குளிசை கசக்கிறதென்று துப்பித் துப்பி விட்டாள், தேனில் கரைத்துக் கொடுத்தேன். இப்போது நடக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

எங்கள் தெருவில் மட்டும் பதினொரு வீட்டில் காய்ச்சல். பக்கத்து வீட்டு நஸீறாவுக்கு ஏழாம் மாதம். அவளுக்கும் வந்தது. பிள்ளை தங்கவில்லை. பெருநாளுக்கு முந்தின நாள் அடக்கினார்கள்.

காக்கா, நான் சண்டைக்கு எழுதவில்லை. உண்மையாகக் கேட்கிறேன். கிடங்கு மூடி நாலு மாதத்துக்கு மேல். அவ்விடத்தில் இப்போது ஆடு மேய்கிறது. அப்படியென்றால் இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது?

ஸைனம்பு


மொனராகலை,
07.09.1979

தங்கச்சி,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நஸீறாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஹப்ஸாவுக்குக் குளிசையை முழு நாளும் கொடு. காய்ச்சல் நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்திவிடாதே.

உன் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுகிறேன். இதை நான் இன்னும் ஒபிஸுக்குக்கூடச் சொல்லவில்லை.

தண்ணீரில் மட்டமாகப் படுத்திருக்கிற குடம்பியெல்லாம் ஒரே சாதி இல்லை. அதில் பல இனம் உண்டு. இந்த நாட்டில் மலேரியாவை அதிகமாகக் காவுவது அதில் ஒரு இனம். எதுவென்று அறிய, குடம்பியைப் போத்தலில் வைத்து நுளம்பாகும் வரை வளர்த்து, சிறகைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். மச்சானின் கிடங்கில் எடுத்ததை நான் வளர்க்கவில்லை. மாற்ற உத்தரவு வந்துவிட்டது. படத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று அவசரப்படுத்தினார்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தது, அதனால் இதுதான் என்று சிவப்பால் வட்டம் போட்டேன். இங்கே வந்த பிறகு சேற்றுக் கிடங்குகளில் எடுத்ததை வளர்த்துப் பார்த்தேன். பெரும்பாலும் மாட்டைக் கடிக்கிற இனமாகத்தான் வருகிறது. கெட்ட இனம் விரும்புவது தெளிந்த, ஓடாத, வெயில் படுகிற தண்ணீரை.

இது தெரிந்து இரண்டு மாதம். உனக்கு எழுதப் பேனையை எடுத்து எடுத்து வைத்தேன். பதில் போட வேண்டாம் என்று நீ எழுதியதை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் கடைசிக்கு முதல் எனக்கு லீவு இல்லை. மழை தொடங்கினால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், ஒன்றும் பிடிபடாது. அதனால் உன்னிடம் கேட்கிறேன். உன் வீட்டிலிருந்து ஒரு மைலுக்குள் தெளிந்த தண்ணீர் எங்கெல்லாம் தேங்கி நிற்கிறது என்று பார்ப்பாயா? வெள்ளை இனாமல் கோப்பை ஒன்றால் அள்ளு. அரிசியின் நீளத்தில் மட்டமாகப் படுத்திருப்பது கண்ணில் படும். உன் நிழல் தண்ணீரில் விழக்கூடாது, விழுந்தால் கீழே போய்விடும். கிடைத்தால் போத்தலில் போட்டு, அதே தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வை.

மாட்டேன் என்றாலும் கோபிக்க மாட்டேன்.

காக்கா


சம்மாந்துறை,
24.09.1979

காக்கா,

இது நீண்ட கடிதம். ஆறுதலாக இருந்து படியுங்கள்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப எண்ட கிடங்கு சும்மா மூடுபட்டிச்சு.” அவ்வளவுதான். நான் கோப்பையைத் தேடி எடுத்ததும், “என்னத்துக்குகா நீ ஆத்துப்பக்கம் அலையப் போறாய்? உன்ட காக்கா செய்யாத வேலய நீ செய்யப் போறியா?” என்றார். நான் சொன்னேன், “காக்காக்காக இல்ல. ஹப்ஸாக்காக.”

நஸீறாவைக் கூப்பிட நான் போகவில்லை. அவளாகவே வந்தாள். “என்ன தேடுறாய் எண்டு கேள்விப்பட்டன். நானும் வாறன். வீட்டுக்க இரிந்தா பைத்தியம் புடிக்கும்” என்றாள். இருவரும் முதலில் கிணறுகளைப் பார்த்தோம். பிறகு வாய்க்கால், பள்ளிவாசல் ஹவுள் தொட்டி, தென்னந்தோட்டத்துக் குழிகள். நாலு நாள் காலையில் திரிந்தும் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் தலைகீழாகத் தொங்குகிறவை.

ஐந்தாம் நாள் அணைக்கட்டுப் பக்கம் போனபோது வட்டவிதானை அழகரெத்தினம் அண்ணன் நின்றார். வீரமுனை ஆள், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிறவர். கோப்பையைப் பார்த்துவிட்டு, “என்ன புள்ளயள், மீன் புடிக்கவா?” என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னோம். சிரிப்பை நிறுத்திவிட்டார். அவருடைய மகனுக்கும் இதே காய்ச்சலாம்.

“அப்ப ஆத்துக்குள்ள இறங்கிப் பாருங்க” என்றார். “ஆடி பொறந்த கையோட கதவ அடைச்சுத் தண்ணியெல்லாம் வாய்க்காலுக்குத் திருப்பினது. அதுக்குக் கீழ ஆறு ஓடல்ல. மணலுக்குள்ள அங்க ஒண்டு இங்க ஒண்டெண்டு குட்டம் குட்டமா நிக்கிது. கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச தண்ணி.”

எங்கள் தெருவுக்குப் பின்னால்தான், காக்கா. நாங்கள் உடுப்புக் கழுவுகிற இடத்திலிருந்து நூறு யார் இல்லை. முதல் குட்டத்தில் நிழல் விழாமல் குனிந்து அள்ளினேன். வெள்ளைக் கோப்பையில் பதினேழு. எல்லாம் மட்டமாகப் படுத்திருந்தன. நஸீறா என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மணலில் குந்தி அழுதாள். நான் தடுக்கவில்லை.

அணைக்கட்டிலிருந்து பாலம் வரை முப்பத்தொரு குட்டம் எண்ணினோம். இருபத்தாறில் இருந்தன.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஆற்றைப் பார்க்காமல் விடவில்லை. நீங்கள் பார்த்தது டிசம்பரில். அப்போது ஆறு கரை புரண்டு ஓடியது. ஓடுகிற தண்ணீரில் என்ன இருக்கும்? உங்கள் படத்தில் இடம் இருக்கிறது, மாதம் இல்லை. அழகரெத்தினம் அண்ணனிடம் எந்த மாதம் கதவு திறப்பது, எந்த மாதம் அடைப்பது என்று கேட்டு, ஹப்ஸாவின் கொப்பியில் நானே ஒரு படம் கீறியிருக்கிறேன். அழகில்லை. ஆனால் குட்டம் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டிருக்கிறேன்.

ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்ததில் பதினான்கு நுளம்பாகிவிட்டன. நாளைக்குப் போத்தலையும் படத்தையும் கொண்டு கல்முனை ஒபிஸுக்குப் போகிறேன். இவர் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. “பஸ்ஸுக்க போத்தல் ஒடைஞ்சா ஊரே கடிபடும். நான் புடிக்கிறன்” என்றார்.

ஸைனம்பு


மொனராகலை,
08.10.1979

தங்கச்சி,

நேற்று கல்முனை ஒபிஸர் பூபாலசிங்கம் அவர்களின் கடிதம் வந்தது. பதினான்கில் பதின்மூன்று அந்தக் கெட்ட இனம்தான். உன் கொப்பிப் படத்தை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறாராம். பத்து வருட சேவையில் ஒரு பெண் போத்தலோடு வந்து தன் ஒபிஸ் படத்தைத் திருத்தியது இதுதான் முதல் தடவை என்று எழுதியிருக்கிறார்.

நான் அவருக்கு இன்று பதில் எழுதினேன். செங்கல் வாடியைச் சிவப்பாகக் குறித்தது என் பிழை, இனம் பார்க்காமல் குறித்தேன், அந்தக் கட்டளையை நீக்க வேண்டும் என்று கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். விசாரணை வரும் என்று கூட வேலை செய்கிறவர்கள் பயமுறுத்துகிறார்கள். வரட்டும்.

இனிச் செய்ய வேண்டியது. ஆற்றை யாராலும் மூட முடியாது. ஆனால் குடம்பி நுளம்பாக எட்டு, பத்து நாள் வேண்டும். கிழமைக்கு ஒரு தரம் அணைக்கதவை இரண்டு மணித்தியாலம் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் குட்டங்களைக் கழுவிக்கொண்டு போகும். அடுத்த ஆடிக்கு இதைச் செய்ய வேண்டும். வயல்காரர்கள் இலேசில் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்த மாதம் ஒவ்வொரு சொட்டும் நெல்.

மச்சானுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். இது கடிதத்தில் சொல்கிற விஷயமில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. வந்தால் வாசலில் நிற்க விடுவாரா?

காக்கா


மொனராகலை,
05.11.1979

தங்கச்சி,

சுகமாக வந்து சேர்ந்தேன். பஸ் சியம்பலாண்டுவையில் பழுதாகி மூன்று மணித்தியாலம் நின்றது.

பேனை பிடிக்க முடியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். இங்கே எல்லாரும் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். மச்சான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் மண்வெட்டியைக் கையில் தந்தார் என்று சொன்னால் நம்புவார்களா? பெருநாள் முடிந்த மறுநாள் காலையிலிருந்து பகல் லுஹர் பாங்கு வரை அவரோடு நின்று ஒரு கிடங்கு வெட்டினேன். பாதி வேலையில் அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: “மச்சான், கோவம் கிடங்குக்கில்ல. என்னோட கதைச்சிருந்தா நானே மூடியிருப்பன்.”

கட்டளை நீங்கிவிட்டது, மற்ற கிடங்குகளையும் வெட்டட்டும். ஒவ்வொன்றிலும் மீன் குஞ்சு விடச் சொல், மாட்டைக் கடிப்பதும் வேண்டாம்.

விசாரணை முடிந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார்கள். அது கோப்பில் இருக்கட்டும்.

நஸீறா வீட்டுக்கும் போய்வந்தேன். அவள் தேநீர் ஊற்றித் தந்தாள். அதைக் குடிக்க எனக்கு வெகு நேரம் எடுத்தது.

காக்கா


சம்மாந்துறை,
20.07.1980

காக்கா,

வயல்காரர் கூட்டம் நேற்று நடந்தது. நோன்பு காலமென்பதால் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வைத்தார்கள். பூபாலசிங்கம் ஐயா வந்து படத்தைச் சுவரில் தொங்கவிட்டு விளக்கினார். அவர் உட்கார்ந்ததும் முகம்மது தம்பி போடியார் எழும்பினார். அணைக்கட்டுக்குக் கீழே பெரிய வயல்காரர் அவர்தான்.

“எண்ட கதிர் தண்ணிக்கு வாய் பொளந்து நிக்கிது. நீங்க நுளம்பக் குளிப்பாட்டத் தண்ணி கேக்கிறீங்களா?” என்றார். கூட்டம் சிரித்தது.

பெண்கள் வேலியோரம் நின்றோம். நான் பேசப் போகவில்லை, காக்கா, அல்லாஹ் அறிய. நஸீறாதான் முன்னுக்குப் போனாள். “போடியார், போன வருசம் உங்கட அறுவடைக்கு ஆற்றடித் தெருவுல இரிந்து எத்தின பேர் வந்த?” என்று கேட்டாள். அவர் யோசித்தார். “ஆள் கிடைக்கல்லதான்” என்றார். “எல்லாரும் போர்வைக்குள்ள கிடந்தாங்க. நானும் கிடந்தன்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அழகரெத்தினம் அண்ணன் எழும்பி, புதன்கிழமை தன்னுடைய முறைத் தண்ணீரில் இரண்டு மணித்தியாலத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்றார். பிறகு போடியார், “ஒராளுக்கு ஏன் பாரம்? எல்லாரும் முறை வெச்சுக் குடுப்பம்” என்றார்.

இந்தப் புதன்கிழமை முதல் தரம் திறக்கப் போகிறார்கள். துஆச் செய்யுங்கள்.

ஸைனம்பு


சம்மாந்துறை,
28.09.1980

அன்புள்ள காக்கா,

பத்துப் புதன்கிழமை முடிந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நானும் நஸீறாவும் பாலம் வரை நடந்து, முப்பத்தொரு குட்டத்திலும் அள்ளிப் பார்த்து எழுதுகிறோம். முதல் கிழமை இருபதில் இருந்தது. தண்ணீர் எட்டாத நாலு குட்டத்தை மணலால் மூடினோம். போன கிழமை இரண்டில் மட்டும், அதுவும் ஒன்றிரண்டு.

நேற்று ஒபிஸ் ஆட்கள் எங்கள் தெருவில் வீடு வீடாக விரல் குத்தி இரத்தம் எடுத்துப் போனதன் முடிவு வந்தது. அறுபத்தெட்டுப் பேர். ஒருவருக்குத்தான் மலேரியா. அவரும் பொலநறுவையில் வேலை செய்துவிட்டு வந்தவர். ஹப்ஸா தன் விரலைக் குத்தியதற்கு இன்னும் அந்த ஆளோடு கோபம்.

பூபாலசிங்கம் ஐயா ஒரு காரியம் கேட்டிருக்கிறார். வீரமுனைப் பக்கத்துக்கும் இதே மாதிரி மாதம் போட்ட படம் வேண்டுமாம். நானும் நஸீறாவும் போகிறோம். அழகரெத்தினம் அண்ணனின் மனுசி கூட்டிக்கொண்டு நடக்க ஒத்துக்கொண்டிருக்கிறா. வெயிலுக்கு ஆளுக்கொரு குடை வேண்டுமென்று கேட்டேன். ஒபிஸில் சிரித்துவிட்டுத் தந்தார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மூன்று கிழமை இருக்கிறது. வாருங்கள். இவர் ஏதோ எழுத வேண்டுமாம், கடதாசியைப் பறிக்கிறார்.

ஸைனம்பு

மச்சான், சலாம். நம்ம வாடிக் கல்லாலே வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு அறை கட்டி முடித்துவிட்டேன். ஆற்றுப் பக்கம் பார்த்த யன்னல். வாற பெருநாளைக்கு அதில்தான் நீங்கள் படுக்க வேண்டும். நுளம்பு இல்லையென்று உங்கள் தங்கச்சி சத்தியம் பண்ணுகிறாள். ஆனாலும் வரும்போது ஒரு வலை கொண்டு வாருங்கள். நீங்கள் ரெண்டு பேரும் கீறுகிற படத்தை நான் அவ்வளவு சுறுக்கா நம்புகிற ஆள் இல்லை.

மக்கீன்